வீட்டுல சொல்லிட்டு வந்தியா

ரத்னவேல் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். கதையின் பாதியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சிங்கப்பூரில், ஈசூனில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதலில் கதவைத் தட்டுகிறவர் அவர்தான். லிஃப்டில் வயதானவர்கள் ஏறினால் கையிலிருக்கும் பையை வாங்கிக்கொள்வார். மனைவி போனபிறகு மகள் வர்ஷாவை ஒற்றை ஆளாக நின்று படிக்கவைத்தார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தாரோ, போச்சு. அதுவரை எங்கே பதுங்கியிருந்ததோ தெரியாது, அவருக்குள்ளிருந்து வேறொரு வாய் திறந்துகொள்ளும்.

கெட்ட வார்த்தை பேசமாட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை. "கண்ணைப் பொடனியில வச்சிருக்கியா?" என்பார். "ரோடு என்ன உங்கப்பன் வாங்கிப் போட்டதா?" என்பார். "லைசென்ஸை என்ன தீபாவளிக்கு ஃப்ரீயா கொடுத்தாங்களா?" என்பார். இதெல்லாம் சில்லறைகள். நிஜமாகவே கோபம் வந்தால் ஒன்று வைத்திருந்தார், அதற்கு மேலே வேறு கிடையாது.

"வீட்டுல சொல்லிட்டு வந்தியா?"

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாகத்தானே கிளம்பியிருக்கிறாய், வீட்டில் கடைசியாக விடைபெற்றுக்கொண்டு வந்தாயா என்று அர்த்தம். யார் முதலில் சொன்னார்களோ, ரோட்டில் வண்டி ஓட்டுகிற தமிழன் எவனும் இதை ஒரு தடவையாவது சொல்லியிருப்பான் அல்லது வாங்கியிருப்பான். சிங்கப்பூரில் இதைச் சொல்வதில் ஒரு வசதியும் உண்டு. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புரியாது. அவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டதும், ஏதோ வழி கேட்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டித் திசை காட்டிவிட்டுப் போன சீனப் பெரியவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து வர்ஷாவிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய அம்மா அன்னம்மா இருந்தவரைக்கும் மகனுக்குக் கருநாக்கு என்று சாதித்துவந்தார். பக்கத்து வீட்டில் புது டிவி வாங்கியபோது பையன் ரத்னவேல் அதைப் பார்த்துவிட்டு, "இது ஒரு வாரம் தாங்காது" என்றான், தாங்கவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில், "மாப்பிள்ளை மயங்கி விழப்போறாரு" என்றான். தாலி கட்டுவதற்கு முன்பே மாப்பிள்ளை விழுந்தார். அன்றைக்கு அன்னம்மா அவனை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ஓரத்தில் ஒரு கரும்புள்ளி இருப்பதாகவும் கண்டுபிடித்துவிட்டார். "உன் வாயால எதுவும் சொல்லாதடா, பலிச்சுத் தொலையும்." ஐம்பது தாண்டிய பிறகும் பல் விளக்கும்போது ரத்னவேல் சில நேரம் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்ப்பார். சிரித்துக்கொண்டேதான் பார்ப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அவருக்கு வேலை ஒரு கேட்டரிங் கம்பெனியில். ஈசூனில் சமையல்கூடம். அங்கிருந்து வேனில் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டுபோய் லிட்டில் இந்தியாவில் இருக்கும் கல்யாண மண்டபங்களில் இறக்க வேண்டும். வேன் ஓட்டுவது பெரிய விஷயமில்லை, சாம்பாரோடு வேன் ஓட்டுவதுதான் விஷயம். பிரேக்கை அழுத்தி மிதித்தால் அண்டாவின் மூடி எகிறும். எக்ஸ்பிரஸ்வேயில் வேகம் கூடினால் உள்ளே அலை அடிக்கும். அதனால் அவர் அந்தப் பக்கமே போகமாட்டார். அப்பர் தாம்சன் ரோட்டு வழியாக, தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல, மெல்லப் போவார்.

ஞாயிறு காலையில் அந்த ரோட்டில் சைக்கிள்காரர்கள் கூட்டம். ஒட்டிப்பிடித்த சட்டையும் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போவார்கள். சாமான் வாங்கிக்கொண்டு நடைபாதையில் உருட்டிக்கொண்டு போகும் அக்கம்பக்கத்துச் சைக்கிள்காரர்கள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் லேனின் நடுவிலேயே போவார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது. ரத்னவேலுக்கு அந்த உரிமை தெரியும், பிடிக்காது. முன்னால் போகிறவன் நினைத்த இடத்தில் நிதானமாவான், பின்னால் வருகிறவர் பிரேக்கை மிதிக்க வேண்டும், சாம்பார் ஆடும்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. மஞ்சள் சட்டை போட்ட ஒருவன், தனி ஆள். ரோட்டில் கிடந்த எதையோ கண்டு விலகினான். ரத்னவேல் பிரேக்கை மிதித்தார். பின்னால் டங்கென்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து வேன் முழுக்கப் பெருங்காய வாசனை. மூடி கழன்று சாம்பார் வழிகிறது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துபோனது. காலைப் பலகாரத்துக்கு மண்டபத்தில் பெண் வீட்டார் காத்திருக்கிறார்கள். ஹாரனை இரண்டு முறை தட்டினார். அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தது. வேண்டுமென்றே வலது லேனுக்கு மாறி, சைக்கிளை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். அவன் முழங்கைக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருந்தால் அதிகம். இடப்பக்கக் கண்ணாடியை இறக்கினார்.

"யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்தியா?"

மஞ்சள் சட்டை திரும்பியது. ஒரு கால் தரையில் ஊன்றியிருந்தது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவன் சிரித்தான்.

"சொல்லிட்டுத்தாண்ணே வந்தேன்" என்றான். பிறகு மூக்கை உறிஞ்சி, "சாம்பார் வாசனை தூக்குதே. யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டான்.

தமிழன் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. திட்டை வாங்கிக்கொண்டு சிரிப்பான் என்பதை அதைவிட எதிர்பார்க்கவில்லை. அந்த இடத்தில் ரத்னவேலும் ஒரு வார்த்தை சிரித்துப் பேசியிருக்கலாம். ஈசூன் லிஃப்டில் பை வாங்கிக்கொள்கிற ரத்னவேலாக இருந்தால் பேசியிருப்பார். ஸ்டியரிங் பிடித்த ரத்னவேல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பச்சை விழுந்ததும் கிளம்பிவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு ஹாரன் கேட்டது. கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்த, நீளமான ஹாரன். வேறு எவனுக்கோ வழிவிடாமல் அந்த மஞ்சள் சட்டை போய்க்கொண்டிருக்கிறான் என்று ரத்னவேலுக்குப் புரிந்தது. "வாங்கு, நல்லா வாங்கு" என்று வாய்விட்டுச் சொன்னார். மனசுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகக்கூட இருந்தது. கண்ணாடியில் பார்க்கவில்லை. வளைவு திரும்பி, லிட்டில் இந்தியா போய், சாம்பாரை இறக்கி, சிந்தியதற்குச் சமையல்காரரிடம் நாலு வார்த்தை வாங்கிக்கட்டிக்கொண்டார்.

மத்தியானம் மண்டபத்தில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது யாரோ கைத்தொலைபேசியில் செய்தியைக் காட்டினார்கள். அப்பர் தாம்சன் ரோட்டில் வெள்ளைக் கார் இடித்துச் சைக்கிள்காரர் ஒருவர் இறந்துவிட்டார். புல்லில் கிடந்த சைக்கிளின் படம் இருந்தது. அருகில் எதையோ மூடி வைத்திருந்தார்கள், ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. ரத்னவேல் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர், வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் பெயரும் வந்துவிட்டது. சுஜீந்திரன். புக்கிட் பாஞ்சாங்கில் வீடு. துறைமுகத்தில் கப்பல்களுக்கு நேரம் ஒதுக்கிக்கொடுக்கும் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்தில் வந்த குடும்பம். மனைவி ஆரபி. இவ்வளவும் அவர் இருந்த வாட்ஸ்அப் குழுக்களில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே சுற்றி வந்துவிட்டது. நம்மவர்களுக்கு இதெல்லாம் எப்படித்தான் இவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ.

அடுத்த வாரம் அதே ரோட்டில், அதே சாம்பாரோடு போனபோது, அந்த வளைவில் போலீஸ் ஒரு பலகை வைத்திருந்தார்கள். விபத்தைப் பார்த்தவர்கள் தொடர்புகொள்ளவும் என்று எழுதியிருந்தது. ரத்னவேலின் வேனில் முன்னும் பின்னும் கேமரா உண்டு. கம்பெனிக்காரர்கள் எல்லா வேனிலும் வைத்திருந்தார்கள். படமும் பிடிக்கும், சத்தமும் பிடிக்கும். கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதைப் பிடிக்க ஆரம்பித்துவிடும்.

பலகையைத் தாண்டிப் போனார். திரும்பி வரும்போதும் தாண்டித்தான் வந்தார். கடைசியில் கார்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வர்ஷாவிடம் கொடுத்தார்.

இருவரும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பின்பக்கக் கேமராவில் சிக்னல், கிளம்புகிற வேன், பின்னால் சிறிதாகிக்கொண்டே வரும் மஞ்சள் சட்டை. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும் வெள்ளைக் கார். மஞ்சள் சட்டை திடுக்கென்று வலப்பக்கம் விலகுகிறது. அதோடு வளைவு வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. இவ்வளவுதான். ஆனால் இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னாலேயே, சிக்னலில், லேப்டாப்பிலிருந்து அவர் குரல் கேட்டது. "யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" ரத்னவேல் எட்டி ஒலியை அடியோடு குறைத்துவிட்டார். மீதியைச் சத்தமில்லாமல்தான் பார்த்தார்கள்.

"அப்பா, இதை உடனே போலீஸ்கிட்ட அனுப்பணும்லா" என்றாள் வர்ஷா.

"அனுப்பலாம். அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துடு."

"உங்க வாய்ஸ மட்டும்லாம் எடுக்க முடியாதுப்பா. எடுத்தா மொத்த சவுண்டும் போயிடும்."

"போகட்டும். படம்தானே அவங்களுக்கு வேணும்."

"எதுக்குப்பா? அந்த ஆபீஸருக்குத் தமிழ் தெரியவா போகுது? நீங்க என்னமோ கேட்டீங்கன்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க."

"ஆபீஸருக்குத் தெரியாது. அந்தப் பொண்ணுக்குத் தெரியும்ல. அவரோட வீட்டுக்காரி. அவ காதுல இது விழணுமா? நான் கேட்டு ரெண்டு நிமிஷம் ஆகல, அந்தாளு போயிட்டாரு. ஊரெல்லாம் என்ன சொல்லும்? என் வாய்தான்னு சொல்லும்."

வர்ஷா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவளும் அன்னம்மாவின் பேத்திதான், கருநாக்குக் கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள்தான். "அப்பா, அது சும்மா பேச்சு. நீங்க சொன்னதால யாரும் சாகமாட்டாங்க" என்றாள். ரத்னவேல் எழுந்துபோய்க் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். சிரிக்காமல் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு அவளுக்கு எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. சத்தத்தை எடுத்தாள். "பழசு எங்கயும் இருக்கக்கூடாது" என்று அவர் நின்று பார்த்துக்கொண்டார், அவள் அதன் மேலேயே சேமித்தாள். கார்டு வேனுக்குத் திரும்பிப்போனது. ஊமைப் படம் போலீசுக்குப் போனது. அன்றைக்கு ரத்னவேல் நிம்மதியாகத் தூங்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு மாதம் கழித்து விசாரணை அதிகாரி கூப்பிட்டார். மரியாதையான பிள்ளை. காணொளிக்கு நன்றி சொன்னார். பிறகு, அதில் ஒலி இல்லையே, கேமராவில் ஒலிப்பதிவு இல்லையா என்று கேட்டார். காரணத்தையும் அவரே சொன்னார். வெள்ளைக் காரை ஓட்டியவர், சைக்கிள் தானாகவே திடீரென்று குறுக்கே வந்தது, நான் ஹாரனைத் தொடவே இல்லை என்கிறாராம். நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி மட்டும் நீளமாக ஒரு ஹாரன் கேட்டதாகச் சொல்கிறார், எந்த வண்டியிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் யாராவது அப்படி ஹாரனை அழுத்தியிருந்தால், சைக்கிள் ஓட்டியவர் மிரண்டு விலகியதற்குக் காரணம் கிடைத்துவிடும். ஒலி இருந்தால் எல்லாம் தெளிவாகிவிடும், சார்.

ரத்னவேல் வேனுக்கு ஓடினார். கார்டில் போன வாரத்து இட்லி டெலிவரியும் அதற்கு முந்தின வாரத்துச் சஷ்டியப்தபூர்த்தியும் இருந்தன. அவருடைய அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் இல்லை. வர்ஷா லேப்டாப்பில் தெரிந்த வழியிலெல்லாம் தேடிப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு அழுதாள்.

எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம், பாருங்கள். அந்த ஹாரனை அவர் காதால் கேட்டவர். கேட்டுச் சந்தோஷப்பட்டவர். அந்த வெள்ளைக் கார்க்காரனைக் கையும் களவுமாகப் பிடித்துக்கொடுக்கக்கூடிய சத்தம், அவருடைய ஒரு வரித் திட்டுக்குப் பக்கத்திலேயே பதிவாகிக் கிடந்தது. திட்டை மறைக்கப்போய் ஹாரனையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். இப்போது அவர் அனுப்பிய ஊமைப் படத்தில் ஒரு காரணமும் இல்லாமல் சைக்கிள் தானாகக் குறுக்கே போகிறது. வெள்ளைக் காருக்கு அதைவிட நல்ல சாட்சி உலகத்தில் கிடையாது. உதவி செய்யாமல் பேசாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒலியை ஏன் எடுத்தார் என்பதையும் சொன்னார். அதிகாரி, சாட்சியத்தில் கைவைப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று எச்சரித்தார். மரண விசாரணையில் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

நீதிமன்றத்துக்கு அவர் வர்ஷா இஸ்திரி போட்டுக்கொடுத்த வெள்ளைச் சட்டையில் போனார். முன்வரிசையில் ஆரபி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். சாம்பல் நிறச் சேலை, மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கைகளும். அந்தக் கைகளைத்தான் ரத்னவேல் பார்த்தார், முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ரத்னவேல் தமிழில் பேச, மொழிபெயர்ப்பாளர் ஒரு பெண்மணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். சுத்தமான ஆங்கிலம், சுத்தமான தமிழ். சிக்னலில் சைக்கிளோட்டியிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். ரத்னவேல் அந்த வாக்கியத்தைச் சொன்னார். முன்வரிசையில் அந்தக் கைகள் கைப்பையை இறுக்கிப் பிடித்தன.

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்கினார். வீட்டாரிடம் தகவல் தெரிவித்துவிட்டுப் புறப்பட்டீர்களா என்று இவர் அந்தச் சைக்கிளோட்டியிடம் விசாரித்திருக்கிறார். ஆங்கிலத்தில் அது அவ்வளவுதான் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற மாதிரி, அன்பாக இருந்தது. மரண விசாரணையை நடத்திய நீதிபதி ரத்னவேலை இதமாகப் பார்த்தார். அவர் சொன்னது தமிழில் திரும்பி வந்தது: "அவருடைய பாதுகாப்பில் அக்கறைகொண்டு கேட்டிருக்கிறீர்கள், அப்படித்தானே?"

இதற்காகவா? இதை மறைக்கவா அந்தச் சத்தத்தையெல்லாம் அழித்தோம்? இந்த அறையில் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஆங்கிலத்தில் கேட்ட ஒருவருக்கும் இது திட்டாகத் தெரியவில்லை. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், அவர் அக்கறையுள்ள மனிதராக வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அந்தக் கைகள் இருந்தன. மொழிபெயர்ப்பாளரைத் தவிர அந்த அறையில் தமிழில் கேட்ட ஒரே ஆளின் கைகள்.

"இல்லீங்க ஐயா" என்றார். "அது திட்டு. சாகத்தான் வந்தியான்னு அர்த்தம். நான் கோபத்துல இருந்தேன்."

மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார். வெள்ளைக் காரின் வக்கீல் எழுந்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அப்படியானால் சைக்கிளோட்டிமேல் கோபமாக இருந்தவர் நீங்கள்தான். ஹாரன் அடித்ததையும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஓடிக்கொண்டிருந்த பெண்மணி கேட்டது உங்கள் ஹாரனாக ஏன் இருக்கக்கூடாது?

"நான் அடிச்சது சிக்னலுக்கு முன்னாடி. ரெண்டு தடவை, சின்னதா. நான் பின்னாடி கேட்டது நீளமானது. அப்படியே அமுக்கிப் பிடிச்சது."

"இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீதிமன்றம் எப்படித் தெரிந்துகொள்வது? ஒலியை அழித்தது யார்?"

"நான்தாங்க" என்றார் ரத்னவேல்.

முடிவு சொல்லும் நாளில் அவர் வர வேண்டிய அவசியமில்லை. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சைக்கிள் ஏன் வலப்பக்கம் திரும்பியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஹாரன் பற்றிப் போதிய ஆதாரம் இல்லை, இது துரதிர்ஷ்டவசமான விபத்து. வெள்ளைக் கார்க்காரர் வெளியே போகும்போது கண்களைத் துடைத்துக்கொண்டார். அவர் மனசில் என்ன இருந்ததோ, அது அவரோடு. காகிதத்தில், சுஜீந்திரன் காரணமில்லாமல் காருக்குக் குறுக்கே போய் விழுந்தவர் ஆகிவிட்டார். இனி எப்போதும் அப்படித்தான் இருப்பார்.

ரத்னவேல் நடைக்கூடத்தில் லிஃப்டுக்காக நின்றார். பக்கத்தில் சேலை சரசரத்தது.

"அண்ணே."

ஆரபிதான். திட்டுவார் என்று நினைத்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"என்னை மன்னிச்சிரும்மா. வாயில சனி. நான் கேட்டிருக்கக்கூடாது. அழிச்சிருக்கவும் கூடாது."

"அது இருக்கட்டும்" என்றார் ஆரபி. "கோர்ட்ல நீங்க என்ன கேட்டீங்கன்னுதான் கேட்டாங்க. அவர் என்ன சொன்னார்னு யாருமே கேக்கல. ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரும்மா."

"என்ன சொன்னார்?"

"சொல்லிட்டுத்தாண்ணே வந்தேன்னாரு."

ஆரபி சுவரில் சாய்ந்துகொண்டார். லிஃப்ட் வந்தது, திறந்தது, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது.

"அதுக்கு முதல் நாள் சண்டை" என்றார் மெதுவாக. "இந்தச் சைக்கிள் வேணாம், ரோட்ல எவனாவது இடிச்சுட்டுப் போயிடுவான்னு நான்தான் கத்தினேன். காலையில ரூம் வாசல்ல நின்னு, ஆரபி, போயிட்டு வரேன்னார். நான் முழிச்சுத்தான் இருந்தேன். பதில் சொல்லாம போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டேன். கொஞ்ச நேரம் நின்னார். அப்புறம் கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்னு இத்தனை மாசமா நினைச்சுட்டு இருக்கேன்."

"கோபமே இல்லம்மா. சிரிச்சாரு. சாம்பார் வாசனை தூக்குதேன்னாரு. யார் வீட்டுக் கல்யாணம்னு கேட்டாரு."

ஆரபி சிரித்தார், சிரிப்பு பாதியில் உடைந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்திக்கொண்டார். ரத்னவேலுக்கு, இத்தனை கெடுதலுக்கு நடுவில் இந்த ஒன்றையாவது அந்தப் பெண்ணின் கையில் கொடுக்க முடிந்ததே என்று இருந்தது. அந்த ஆறுதல் அதிக நேரம் நிற்கவில்லை.

"அதெல்லாம் அந்த வீடியோவுல இருந்துச்சா?" என்று கேட்டார் ஆரபி. "அவர் சொன்னது. சிரிச்சது. அவரோட குரல்."

ரத்னவேல் இதை நினைத்தே பார்க்கவில்லை. தன் குரலைப் பற்றி நினைத்தார், ஹாரனைப் பற்றி நினைத்து நினைத்து மாதக்கணக்கில் செத்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு குரலை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அன்றைக்கு லேப்டாப்பில் அதைக் கேட்கக்கூட இல்லை, அதற்கு முன்பே ஒலியைக் குறைத்துவிட்டார்.

"இருந்துச்சும்மா" என்றார்.

ஆரபி திட்டவில்லை. அழவில்லை. கைக்குட்டையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

"அவர் சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கண்ணே."

ரத்னவேல் திகைத்தார். இந்த வாயாலா? இருந்தாலும் சொன்னார். "சொல்லிட்டுத்தாண்ணே வந்தேன்." கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோலத்தான் வந்தது.

ஆரபி தலையை ஆட்டினார். "இல்ல. அவர் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார். கொஞ்சம் இழுத்துச் சொல்வார். இன்னொரு தடவை."

ரத்னவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சிக்னலையும், நெற்றிக்கு ஏறிய கறுப்புக் கண்ணாடியையும், அந்தச் சிரிப்பையும் நினைத்துக்கொண்டு, முடிந்தவரை இழுத்து, முடிந்தவரை சிரித்துக்கொண்டே சொன்னார். லிஃப்டுக்கு வந்தவர்கள் இருவரையும் விட்டு விலகிப் போனார்கள். ஆரபி மூடிய கண்களைத் திறக்காமல் காத்திருந்தார். அவர் மறுபடியும் சொன்னார். அப்போதும் அது ரத்னவேலின் குரலாகத்தான் இருந்தது.